பொய் சொன்ன ஆடுகளும் பாவாத்தாளின் கழுத்துக்கட்டையும்

ஆடுகளுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், அவை பேசியதோடு நின்றிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. பொய்யும் பேசின. அதுவும் சாதாரணப் பொய் இல்லை. வாய் நிறையத் தழையை அடக்கிக்கொண்டு, காலையிலிருந்து பட்டினி என்று கண்கலங்குகிற பொய்.

அந்தக் காலத்து ஆட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. விழுங்கினால் விழுங்கியதுதான். தழை தொண்டையைத் தாண்டிவிட்டால், அதற்கும் ஆட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இப்போதுபோலப் படுத்துக்கொண்டு அசைபோடுகிற வழக்கம் எந்த ஆட்டுக்கும் கிடையாது. மாடு அப்போதே அசைபோட்டதே என்று கேட்கலாம். போட்டது. அது மாட்டுக்காரர்கள் சொல்ல வேண்டிய கதை. இங்கே ஆட்டைப் பற்றித்தான் பேச்சு.

மேற்கே மலை நீலமாகத் தெரியும். மலைமேல் பெய்கிற மழையில் ஒரு பொட்டுகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அப்படி ஒரு மேட்டுக்காட்டில் பாவாத்தாள் என்ற ஆட்டுக்காரி இருந்தாள். நல்லவள். அவள் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ஊரே அதை ஒப்புக்கொள்ளும். அவளுடைய கணவன் மாரப்பன், நேர் எதிர். எறும்பு கடித்தால்கூட, வழியில் நாம்தானே உட்கார்ந்தோம் என்று எழுந்து போகிறவன். காடு காய்ந்து கிடந்த அந்த வருஷங்களில் அந்த இரண்டு பேருக்கும் கஞ்சி ஊற்றியது மாரப்பனின் ஏர் இல்லை, ஆடுகள்தான். ஆடுகள் போய்விட்டால் அவர்கள் அடுப்பில் பூனை தூங்க வேண்டியதுதான்.

பகலில் மேய்ப்பது மாரப்பன். பொழுது சாய ஆடுகள் பட்டிக்குத் திரும்பும்போது வாசல் படலைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பது பாவாத்தாள். ஒவ்வோர் ஆடும் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

"ஏண்டி கொம்பி, இன்னைக்கு என்ன தின்னே?"

கொம்பி மூத்த ஆடு. கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து ராணி மாதிரி நடப்பாள். "கொழுக்கட்டைப் புல்லுங்காத்தா" என்பாள். காட்டில் தானாக முளைக்கிற புல் அது. யாருக்கும் சொந்தமில்லை, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

"மூளி, நீ?"

மூளிக்கு ஒரு காது பாதிதான் இருக்கும். சொந்தப் புத்தியும் ஏறக்குறைய அந்த அளவுதான். முன்னால் போகிறவள் சொன்னதையே சொல்வாள். "அக்கா தின்னதேதானுங்காத்தா."

"டேய் தாடியா?"

"அதேதானுங்க" என்று கிடா தாடியை ஆட்டிவிட்டுப் போகும்.

அந்தக் காட்டில் முளைத்த கொழுக்கட்டைப் புல்லை எல்லாம் வழித்து வந்து கொட்டினாலும் அத்தனை வயிறு அப்படிப் புடைக்காது என்பது பாவாத்தாளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வயிற்றைத் திறந்தா பார்க்க முடியும்?

ஒருநாள் அடுத்த காட்டு ராமாத்தாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏ பாவாத்தா! உன்ற ஆட்டுக்கு இருக்கறது வாயா, அருவாளா? என்ற அவரைப்பந்தல்ல பூவைக் காணோம், பிஞ்சைக் காணோம். பந்தக்காலு மட்டும் நிக்குது. நாளைக்கு வந்து அதையும் தின்னுட்டுப் போகச் சொல்லு!"

பாவாத்தாள் ஆடுகளை வரிசையாக நிறுத்தினாள். "யாருடி போனது? நிசத்தைச் சொல்லிடுங்க."

"அவரையா? அது எப்படிங்காத்தா இருக்கும், பச்சையா, வெள்ளையா?" என்று கேட்டாள் கொம்பி.

"எப்படிங்காத்தா இருக்கும்?" என்றாள் மூளி.

அடுத்துத் தாடியன். அவன் தாடியில் ஓர் அவரைப்பூ மாட்டிக்கொண்டிருந்தது. பாவாத்தாள் அதையே முறைக்க, "காத்துல வந்து ஒட்டிக்கிச்சுங்க" என்றான்.

கடைசியில் நின்றவள் செம்பி. செப்பு நிறம், இளசு, பொய்யில் இன்னும் பழக்கம் போதாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நானுந்தான் போனேனுங்காத்தா. ரெண்டு வாய் தின்னேன்" என்றாள்.

பாவாத்தாள் உள்ளே போய்க் கழுத்துக்கட்டையை எடுத்து வந்தாள். வேலி தாண்டுகிற ஆட்டுக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற கருவேலங்கட்டை அது. நடந்தால் முட்டியை இடிக்கும், ஓடினால் பல்லைப் பெயர்க்கும். அதைச் செம்பியின் கழுத்தில் மாட்டினாள்.

மாரப்பனுக்கு மனசு கேட்கவில்லை. "ஏம் புள்ள, நிசத்தைச் சொன்னவளுக்கா கட்டை?"

"பொய் சொல்றவளை எப்படீங்க புடிக்கறது? கையில கெடைச்சவளுக்குத்தான் மாட்ட முடியும்."

பந்தலையே மொட்டையடித்தவர்கள் ராஜநடை போட்டு உள்ளே போனார்கள். இரண்டு வாய் தின்றவள் கட்டையை இழுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வீடு நடக்கிற நியாயம்தான். பானையை உடைத்தேன் என்று வந்து சொல்கிற பிள்ளைதான் அடி வாங்கும். உடைத்துவிட்டுப் பூனைமேல் பழி போட்ட பிள்ளை பலகாரம் வாங்கும். செய்கிறவர்களுக்கு அது நியாயமாகத்தான் தோன்றும்.

படலுக்குள் கொம்பி, செம்பியிடம் சொன்னது வெளியே நின்ற பாவாத்தாளின் காதிலும் விழுந்தது. "பைத்தியக்காரி. வாயைத் தின்னறதுக்கு வெச்சுக்கோ. ஆத்தா கேட்டா, கொழுக்கட்டைப் புல்லு. செத்தாலும் கொழுக்கட்டைப் புல்லு."

பார், ஆட்டுக்கு வந்த திமிரை என்று பாவாத்தாள் பல்லைக் கடித்தாள். அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

அந்த வருஷம் வானம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்த ஒரு மழையை நம்பி ராமாத்தாள் சோளம் விதைத்தாள். சோளம் சாண் உயரம் வந்து, அப்புறம் வெயிலில் சுருண்டு வதங்கி நின்றது. அப்படி வதங்கிய சோளக்குருத்து ஆட்டுக்கு எமன் என்று அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சோளக்காட்டுக்கு எதிர்ப்பக்கம் கன்னிமார் கோயில். நோன்பு வருகிறதென்று கோயிலைச் சுற்றியிருந்த அரளிச்செடிகளைக் கழித்து, கிளைகளை அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பச்சை அரளியை எந்த ஆடும் வாயில் வைக்காது, அவ்வளவு கசப்பு. காய்ந்து வதங்கினால் கசப்பு ஒளிந்துகொள்ளும். நஞ்சு மட்டும் அங்கேயே இருக்கும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் மாரப்பன்.

வெயில் இறங்குவதற்கு முன்பே ஆடுகள் பட்டிக்கு வந்துவிட்டதைப் பார்த்து பாவாத்தாள் கூழ்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். எப்போதும் முன்னால் வருகிற கொம்பி கடைசியில் வந்தாள். கால்களை அகட்டி அகட்டி வைத்தாள். கடைவாயில் நுரை. தாடியன் படலில் முட்டிக்கொண்டு நின்றான், படல் எங்கே என்று தெரியாதவன் மாதிரி. ஒன்று படுத்தது, அதைப் பார்த்து இன்னொன்று படுத்தது. எல்லோருக்கும் பின்னால் மாரப்பன், செம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தான். அவள் கழுத்துக்கட்டை அவன் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

"என்னாச்சுங்க?"

"சித்தெ கண்ணசந்துட்டேன் புள்ள. முழிச்சுப் பார்த்தா, பாதி ஆடு கோயில்பக்கமிருந்து வருது, பாதி ஆடு சோளக்காட்டுப் பக்கமிருந்து வருது. நான் ஓடறதுக்குள்ள எல்லாம் ஒண்ணாக் கலந்துருச்சு."

"எது எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"எல்லாத்துக்கும் நாலு காலு, ஒரு வாலு. நான் என்னத்தைக் கண்டேன்?"

பாவாத்தாள் அவனைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை என்பதை வைத்தே மாரப்பன் நிலைமையைப் புரிந்துகொண்டான்.

மருந்து இல்லாமல் இல்லை. அரளி தின்ற ஆட்டுக்கு அடுப்புக்கரியை மைபோல நுணுக்கித் தண்ணீரில் கலக்கி ஊற்ற வேண்டும். சோளம் தின்ற ஆட்டுக்குக் கருப்பட்டித் தண்ணீர். இரண்டும் வீட்டிலேயே இருந்தன. எது எந்த வாய்க்கு என்பதுதான் தெரியவில்லை.

"ரெண்டையும் கலக்கி எல்லாத்துக்கும் ஊத்திட்டா என்ன?" என்றான் மாரப்பன்.

"அது வயிறுங்களா, கழனிப்பானையா? அரளி தின்னதுக்குக் கருப்பட்டி போச்சுன்னா, நஞ்சுக்குக் குதிரை வாங்கிக் குடுத்த மாதிரி. சோளம் தின்னதுக்குக் கரி போச்சுன்னா, அது கருப்பட்டியை வேலை செய்ய உடாது. போங்க, கரியை நுணுக்குங்க. தனியா வையுங்க. நான் இவளுங்களைக் கேக்கறேன்."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கொம்பியின் முன்னால் குத்தவைத்தாள்.

"கொம்பி, என்ன தின்னே?"

"கொழுக்கட்டைப் புல்லுங்காத்தா." நுரைக்கு நடுவிலிருந்து வந்தது பதில்.

"மூளி?"

"அக்கா தின்னதே."

"தாடியா? டேய், கண்ணு சொருகுதுடா உனக்கு. நிசத்தைச் சொல்லு."

"கொழு… கொழுக்…" என்று முடிக்க முடியாமல் தாடியன் முன்னங்காலை மடக்கி விழுந்தான்.

பாவாத்தாளுக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "பொய்யி, பொய்யி, சாகும்போதும் பொய்யி! இப்ப நிசத்தைச் சொல்லலே, ஆளுக்கு ரெண்டு கட்டை மாட்டுவேன்! ஒத்தையைத் தாங்காத கழுத்துல ரெட்டையா மாட்டுவேன்!"

அவ்வளவுதான். அரைகுறையாகத் திறந்திருந்த வாய்களும் மூடிக்கொண்டன. செம்பிகூட, அங்கேயே கரி நுணுக்க உட்கார்ந்த மாரப்பனின் முதுகுக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போது கொம்பியின் குட்டி குடிசைக்குள்ளிருந்து துள்ளிக்கொண்டு வந்தது. பிறந்து கொஞ்சநாள்தான் ஆகியிருந்தது; தாய் மேய்ச்சலுக்குப் போனால் அதன்மேல் கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பாள் பாவாத்தாள். கூடையைத் தள்ளிவிட்டுப் பசியோடு ஓடிவந்து தாய்மடியில் முட்டியது. நிற்கவே முடியாத கொம்பி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அதை எட்டி உதைத்தாள். குட்டி உருண்டு போய் விழுந்து, கத்திக்கொண்டே திரும்ப வந்தது. கொம்பி மறுபடியும் உதைத்தாள். அப்புறம் மடியைத் தரையோடு அழுத்திப் படுத்துக்கொண்டாள்.

பாவாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பால்ல நஞ்சு இருக்குதுன்னு உனக்குத் தெரியுது" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "என்னத்தைத் தின்னேன்னும் தெரியுது. குட்டியைக் காப்பாத்தத் தெரிஞ்சவளுக்கு, என்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லத் தெரியலையாடி?"

கொம்பி கழுத்தைத் திருப்பினாள். இந்த முறை கொழுக்கட்டைப் புல் வரவில்லை.

"சொன்னாக் கட்டைதானுங்களே ஆத்தா. கட்டையோட சாகறதுக்கு, கட்டையில்லாமச் செத்துக்கறோம்."

சண்டையில் ராமாத்தாளிடம் தோற்காத பாவாத்தாள், மாமியாரிடம் தோற்காத பாவாத்தாள், அந்த ஒரு பேச்சில் தோற்றுப்போனாள். இத்தனை நாளும் அவள் பிடித்ததெல்லாம் பொய்யை இல்லை. பட்டியில் இருந்த நிஜத்தைத்தான் ஒன்றொன்றாகப் பிடித்துக் கட்டை மாட்டியிருக்கிறாள்.

எழுந்து போனாள். செம்பியின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தாள். அந்தக் கருவேலங்கட்டையைத் தன் கழுத்தில் மாட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். குனிந்தபோது அது அவள் முட்டியில் இடித்தது. இவ்வளவு வலிக்குமா என்று இருந்தது.

"இந்தாங்கடி, பாருங்க. இனிமே இந்தப் பட்டியில கட்டைன்னு ஒண்ணு இருந்தா, அது என்ற கழுத்துலதான். நிசத்தைச் சொன்னவளைப் பார்த்து ஒரு சுடுசொல்லு சொன்னேன்னா என்ற நாக்கு அழுகிப் போகட்டும். ராமாத்தா வந்து காட்டையே தின்னுட்டீங்கன்னு கத்தினாலும் நான் பார்த்துக்கறேன். இப்பச் சொல்லுங்க சாமிகளா. எனக்கு உங்களை உட்டா யாருமில்லை."

கொம்பி அவளையே பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தவள் மாதிரி வாயைத் திறந்தாள்.

"மே" என்றாள்.

தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றாள். "மே… மேஏ…"

நஞ்சு நாக்கில் ஏறிவிட்டது. மூளி "மே" என்றாள். செம்பியும் "மே" என்றாள். ஒவ்வொன்றும் வாயைத் திறந்து திறந்து பார்த்தது. சொல் ஒன்றும் வரவில்லை. பொய் சொல்லும்வரை பேச்சு இருந்தது. நிஜம் சொல்ல வந்தபோது அது போய்விட்டது.

"போச்சு புள்ள" என்று மாரப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "எல்லாம் போச்சு."

"சித்தெ சும்மா இருங்க" என்றாள் பாவாத்தாள். அவள் கண் கொம்பியை விட்டு அகலவில்லை.

கொம்பி கழுத்தை நீட்டித் தரையோடு தாழ்த்தினாள். விலா இரண்டும் உள்ளே ஒட்டின. வயிறு ஒரு தடவை குலுங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தடவை குலுங்கியது. எந்த ஆடும் அதுவரை செய்யாத காரியம் அது. உள்ளே போனதை வெளியே கூப்பிடுகிற காரியம். மூன்றாவது முறை, கழுத்தின் அடியில் ஓர் உருண்டை தெரிந்தது. எலிவளையில் எலி ஏறுவதுபோல அது தோலுக்கடியில் மெல்ல மெல்ல மேலே ஏறி வந்தது. கன்னம் உப்பியது. கொம்பி தலையைத் தூக்கி, பாவாத்தாளுக்கு நேராக வாயை அகலத் திறந்தாள்.

நாக்கின்மேல் ஒரு கவளம். பாவாத்தாள் அதை விரலால் வழித்து உள்ளங்கையில் பரப்பினாள். நீளமான, ஒடுங்கிய இலை. நடுவில் கத்தியால் கீறினதுபோல நேராக ஒரு நரம்பு.

"அரளி!" என்று கத்தினாள். "ஏனுங்க, அரளி! கொம்பிக்குக் கரித்தண்ணி! ஓடியாங்க!"

மூத்தவள் காட்டிய வழி. செம்பி முயன்றாள். அவள் வாயில் வந்தது வதங்கிய சோளக்குருத்து. "கருப்பட்டி! நீ இந்தப் பக்கம் வா கண்ணு." அடுத்தவளுக்கு அரளி. அதற்கடுத்தவளுக்குச் சோளம். ஒவ்வொன்றாகக் கழுத்தை நீட்டி, வயிற்றைக் குலுக்கி, தின்றதை வரவழைத்து, வாயைத் திறந்து காட்டின. காட்டியதும் கையிலேயே துப்பின. பாவாத்தாள் அரளியை ஒரு பக்கமும் சோளத்தை ஒரு பக்கமுமாக ஆடுகளைப் பிரித்து நிறுத்தினாள்.

தாடியன் நெடுநேரம் முக்கினான். அவன் வாயிலிருந்து சோளக்குருத்தும், அதில் சுற்றிக்கொண்டு ஒரு முழத் துணியும் வந்தன.

"அட, என்ற கோமணம்!" என்றான் மாரப்பன். "காத்துல போயிருச்சுன்னு சொன்னானே இவன்!"

"வாயை மூடிட்டு ஊத்துங்க. நிசத்தைக் காட்டினவனை ஒண்ணும் சொல்லக்கூடாது."

கடைசியாக மூளி. அவளும் முக்கி முனகி ஒரு கவளத்தைக் கொண்டு வந்து காட்டினாள். பாவாத்தாள் அதைப் பரப்பினாள். புரட்டிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள்.

சுத்தமான கொழுக்கட்டைப் புல்.

"இது என்னடி? உனக்கு ஒண்ணுமே இல்லையா? அப்ப நீ எதுக்கு விழுந்து கெடந்தே?"

மூளி பக்கத்தில் படுத்துக் கிடந்தவர்களைப் பார்த்தாள். பாவாத்தாளைப் பார்த்தாள். எல்லோரும் படுத்ததால் அவளும் படுத்திருக்கிறாள். எல்லோரும் பேச்சை நிறுத்தியதால் அவளும் நிறுத்திவிட்டாள். பாவாத்தாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, "எழுந்திரிடி அக்கட்டால. உனக்கு வேலை இருக்குது" என்றாள். கொம்பியின் குட்டியைத் தூக்கி, பால் வற்றாத மூளியின் மடியில் விட்டாள். மூளி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு, சரி என்று காலை அகட்டி நின்றாள். நஞ்சேறிய பாலைக் கொம்பியின் மடியிலிருந்து கடைசிச் சொட்டுவரை பீய்ச்சி, வேலியோரத்தில் குழி தோண்டி ஊற்றி மண்ணைத் தள்ளினாள் பாவாத்தாள்.

அப்புறம் இரண்டு பேருமாக மூங்கில் குழாயை வைத்துக்கொண்டு மருந்து ஊற்றினார்கள். அவன் ஊற்றுவதையும் அவள்தான் பார்க்க வேண்டியிருந்தது. "தலையை அண்ணாந்து தூக்காதீங்க, புரையேறிடும். கடைவாயோரமா உடுங்க. சித்தெ சித்தெயா. உங்க வாயில கள்ளு ஊத்தற மாதிரி ஊத்தாதீங்க." குனியும்போதெல்லாம் கட்டை அவள் முட்டியில் இடித்தது. அவிழ்க்கக் கைக்கு ஒழியவில்லை.

ஊற்றி முடிந்தது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதைவிடப் பொல்லாத வேலை உலகத்தில் கிடையாது. பாவாத்தாள் பட்டியின் நடுவில் உட்கார்ந்தாள். வெயில் மஞ்சளாகி வேலிமுள்ளில் தொங்கியது.

முதலில் செம்பி தும்மினாள். அப்புறம் எழுந்து நின்று, கழுத்தை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். கனம் இல்லை. மறுபடி ஆட்டினாள். ஒரு துள்ளுத் துள்ளினாள். சோளம் தின்ற கூட்டம் ஒவ்வொன்றாக எழுந்து உடம்பைச் சிலிர்த்தது. தாடியன் எழுந்ததும் செய்த முதல் காரியம், மாரப்பன் தோளில் கிடந்த துண்டின் நுனியை முகர்ந்ததுதான். அரளி தின்றவர்களுக்கு நேரம் எடுத்தது. கண்ணில் தெளிவு வந்தது, நுரை நின்றது, காது விறைத்தது. ஒருத்தி, இன்னொருத்தி, அதற்கடுத்தவள்.

கொம்பி மட்டும் எழவில்லை.

அவள்தான் அதிகம் தின்றவள். அவள்தான் முதலில் காட்டியவள். பாவாத்தாள் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். காது சில்லென்று இருந்தது. "ஏய் மூத்தவளே" என்றாள். "நீ போயிட்டா நான் யாருகூடச் சண்டை போடறது? இந்த மனுசன்கூடப் போட்டா சண்டையா அது? எந்திரிடி. பொய்யாவது சொல்லு. கேட்டுக்கறேன்."

மாரப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கொம்பியின் கழுத்துக்கடியில் ஏதோ அசைந்தது. பாவாத்தாள் கையை வைத்துப் பார்த்தாள். அசைந்தது நிஜம்தான். ஓர் உருண்டை, கீழேயிருந்து மேலாக, அவள் உள்ளங்கையைத் தள்ளிக்கொண்டு ஏறியது. கன்னம் உப்பியது. கொம்பி வாயைத் திறந்து காட்டினாள். காலையில் தின்ற வேலந்தழை. கரித்தண்ணீரில் நனைந்து கறுத்திருந்தது. அரளி ஓர் இணுக்குகூட இல்லை.

"ஒண்ணுமில்லை" என்றாள் பாவாத்தாள். "நல்ல தழைதான். நல்ல தழைதான் கண்ணு. தின்னு."

துப்பச் சொல்லவில்லையே என்று கொம்பி ஒரு கணம் யோசித்தாள். வாய்க்குள் வந்ததை வீணாக்குவானேன்? தாடையை இடமும் வலமுமாக மெல்ல ஓட்டி, அரைத்து, விழுங்கினாள். விழுங்கியதும் அடுத்த கவளம் ஏறி வந்தது. இரண்டாம் தரம் மெல்லும்போது தழை இன்னும் ருசியாக இருந்திருக்க வேண்டும். கண் பாதி மூடிக்கொண்டது. அதைப் பார்த்து மூளியும் ஒரு கவளத்தை வரவழைத்து மென்றாள். கேட்க வேண்டுமா? பட்டி முழுக்கத் தாடைகள் ஓட ஆரம்பித்தன.

பாவாத்தாள் அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, மூக்கைச் சிந்தி, வெட்கமில்லாமல் அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது மாரப்பன் கேட்டான்.

"கழுத்துல கெடக்கற கட்டையை அவுத்துடட்டுமா புள்ள?"

"இத்தனை நேரம் கேக்கறதுக்கு என்னவாம்?" என்றாள் அவள். அவன் அவிழ்த்தான். கழுத்தில் கயிறு அறுத்த இடம் சிவந்திருந்தது. அந்தக் கட்டை அப்புறம் எந்த ஆட்டின் கழுத்துக்கும் போகவில்லை.

மறுநாளும் பேச்சு திரும்பி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நஞ்சு இறங்கியது, நாக்கில் இருந்த சொற்களையும் எடுத்துக்கொண்டே இறங்கிவிட்டது. "மே" மட்டும் மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு பசியைச் சொல்லலாம், குட்டியைக் கூப்பிடலாம். பொய் சொல்ல முடியாது.

"வாய்ச்சண்டைக்கு உனக்கு ஆளில்லாமப் போச்சு" என்றான் மாரப்பன்.

"அதுதான் நீங்க இருக்கறீங்களே" என்றாள் பாவாத்தாள்.

ஆனால் பொழுது சாயும்போது அவள் படலருகே வந்து நிற்பதை விடவில்லை. "என்ன தின்னீங்க கண்ணுகளா?" என்று கேட்பாள். அதட்டல் போய்விட்டிருந்தது. ஆடுகள் உள்ளே போய், கிடைத்த இடத்தில் காலை மடக்கிப் படுத்து, கழுத்தை லேசாக நீட்டும். உருண்டை ஏறி வரும். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டே போவாள். அவரைக்கொடியாக இருந்தால் பார்க்காததுபோல நகர்ந்துவிடுவாள்; விடிந்ததும் ராமாத்தாள் வீட்டுக்கு ஒரு செம்புப் பாலோடு அவளே போவாள்.

அந்தச் சாயங்காலத்திலிருந்துதான், பகலெல்லாம் அள்ளி விழுங்கியதை ஆடு பொழுது சாய்ந்ததும் ஒவ்வொரு கவளமாக வாய்க்குத் திருப்பிக் கொண்டுவந்து, யாருக்கும் பயப்படாமல், நிதானமாக மென்று காட்டுகிறது. பட்டியில் கடைசி ஆடும் அசைபோடத் தொடங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஆட்டுக்காரி தன் சோற்று வட்டிலில் கை வைக்கிறாள்.